படத்தின் பின்புறம்



ஓவியத்தை நாம் ‘படம்’ என்று சொல்கிறோம். அச்சொல்லின் பழைய பொருள் துணி என்பதாகும். துணியில் எழுதியதைத் துணி என்றே அழைத்துப் பழகிய நாம், பின்னர்க் காகிதத்தில் எழுதியதையும், சுவரில் எழுதியதையும், ஏன், வெள்ளித்திரையில் ஓடுவதையும்கூடப் படம் என்றே சொல்லிவிட்டோம். புகழ் வண்ணத்திற்குப் போயிற்று. பெயர் என்னவோ அதைத் தாங்கிய துணிக்குத்தான் கிடைத்திருக்கிறது. சொல்லாராய்ச்சி செய்வதற்காக இதை நான் கூறவில்லை. படம் எழுதி விற்று வாழ விரும்பும் இளைஞர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. வண்ணத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கேட்பார்கள். தூரிகையைப் பற்றிக் கேட்பார்கள். எதன்மேல் எழுதுவது என்று கேட்பவர் பத்துப் பேரில் ஒருவர். அந்த ஒருவரும், “எது ஐயா மலிவாகக் கிடைக்கும்?” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கேள்வி தவறானதன்று. நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்டு, விடையும் பெற்று, அதன் பயனையும் அனுபவித்தவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படிப்பை முடித்து வெளிவந்த புதிதில் நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து ஒரு சிறு மண்டபத்தில் கண்காட்சி வைத்தேன். மண்டபத்து வாடகைக்கே கையிருப்புப் போய்விட்டது. கித்தான் வாங்க வழியில்லை. அப்போது, புத்தகம் கட்டும் கடை ஒன்றில் வைக்கோல் அட்டைகள் என் கண்ணிற்பட்டன. மஞ்சள் நிறம், கைக்குக் கெட்டியாக இருந்தன, விலையோ மிகச் சொற்பம். பத்து அட்டைகள் வாங்கி வந்து, சுவருக்குப் பூசும் வெள்ளையை ஒரு முறை தடவி, காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே எழுதத் தொடங்கினேன். அவற்றுள் ஒன்று, குளத்துப் படிகளில் மாலை வெயில் விழும் காட்சி. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அதன்முன் நெடுநேரம் நின்றார். விலையைக் கேட்டார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் மாலை மீண்டும் வந்து, சட்டைப்பையிலிருந்த மடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். நான் பெற்ற முதல் விலை அதுவே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மூன்று மழைக்காலங்கள் கழிந்தன. ஒருநாள் அவர் செய்தித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். பிரித்துப் பார்த்தேன். அட்டை அப்பளம்போல் வளைந்திருந்தது. வானத்தின் நீலம் தேநீர் சிந்தினாற்போலப் பழுத்துவிட்டது. படிகளின்மேல் நான் வைத்திருந்த வெயில் செதில் செதிலாக எழும்பி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. மூலைகளிற் பூஞ்சணம். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் இருந்ததோ என்னவோ! தம்பி, இதைச் சீர்செய்ய இயலுமா?” என்றுதான் கேட்டார். தவறு அவர் வீட்டுச் சுவரில் இல்லை என்பதை நான் அறிவேன். “பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன், ஐயா” என்றேன். வேண்டாம் என்றார். “வேறு படம் எழுதித் தருகிறேன்” என்றேன். “என் பெண் இதைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் படித்தாள், தம்பி. வேறு படம் வேறு படந்தானே?” என்று கூறி, அதே தாளிற் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அட்டையினால் நான் மிச்சப்படுத்திய தொகை ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக்கூடக் காணாது.

என்ன நடந்தது என்பதைப் பின்னர்தான் முறையாகக் கற்றேன். மரத்திலும் வைக்கோலிலும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளுடன் லிக்னின் என்ற ஒரு பொருளும் கலந்திருக்கிறது. நார்களை இறுகப் பிணைத்துப் பயிரை நிமிர்ந்து நிற்கச் செய்வது அதுவே. பயிருக்கு நல்லது, படத்திற்கு ஆகாது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுக்கும், அமிலம் பிறக்கும், அமிலம் நார்களை அரிக்கும். செய்தித்தாளை வெயிலில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். இது ஒருபுறமிருக்க, நான் அட்டையின் முன்புறத்தில் மட்டுமே வெள்ளை பூசியிருந்தேன். பின்புறம் திறந்த மேனியாகக் கிடந்தது. மழைக்காலத்தில் அது ஈரத்தைக் குடித்துப் புடைக்கும். வண்ணம் பூசிய முன்புறம் அந்த அளவுக்குப் புடைக்காது. ஒரு புறம் நீள, மறு புறம் நீளாமலிருந்தால் அட்டை வளையாமல் என்ன செய்யும்? கோடையில் காய்ந்து சுருங்கும். மீண்டும் மழையில் விரியும். இந்த இழுபறியில் வண்ணப்படலம் வெடித்து எழும்புகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இது ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா.

ஆகவே, விற்பனைக்கு எழுதும் படத்திற்குத் தளம் தேடும்போது கடைக்காரர் சொல்லும் விலையைப் பார்த்து மலிவு என்று முடிவு கட்டக் கூடாது. நீர்வண்ணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காகிதத்தின் விலை குறைவு. ஆனால் அதைச் சுவரில் மாட்ட வேண்டுமானால் சுற்றிலும் மௌண்டு அட்டை வேண்டும், கண்ணாடி வேண்டும், சட்டம் வேண்டும், பின்னால் ஒரு பலகை வேண்டும். அந்தக் கண்ணாடியை உடையாமல் வெளியூருக்கு அனுப்பவும் வேண்டும். பலகையில் எழுதிய எண்ணெய்வண்ணப் படத்திற்குக் கண்ணாடி தேவையில்லை. தளத்திற்குச் சற்று அதிகமாகச் செலவிட்டும் மொத்தக் கணக்கில் அது மலிவாக முடிவதுண்டு. சட்டம் போடாமல் விற்றால் அந்தச் செலவு நமக்கு இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மைதான், அது வாங்குபவர் தலையில் விழுகிறது. சாதாரணக் குடும்பத்தார் படம் வாங்கும்போது இரண்டையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். படத்தின் விலையைக் கேட்டுப் புன்னகை செய்தவர்கள், சட்டத்தின் விலையைக் கேட்டுவிட்டு நழுவியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதற்காகக் காகிதத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பருத்திக் கந்தலினின்று செய்த நல்ல காகிதம் பல தலைமுறைகளுக்கு வெண்மை மாறாது நிற்கும். பருத்தியில் லிக்னின் பெரும்பாலும் இல்லை என்பதே காரணம். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் கந்தலினின்று கையாற் காகிதம் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன; புதுச்சேரியிலும் கைக்காகிதம் செய்கிறார்கள். வாங்கும்போது ‘பருத்தி’, ‘அமிலமற்றது’ என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முழுத் தாள் 30 அங்குல நீளமும் 22 அங்குல அகலமும் உடையது. அதை நான்காக்கினால் 15-க்கு 11. எட்டாக்கினால் 11-க்கு ஏழரை. உயர்ந்த தாளொன்றை எட்டாக்கி எட்டுச் சிறு படங்கள் எழுதுவது, மட்டமான தாளில் ஒரு பெரிய படம் எழுதுவதினும் சிக்கனம். சிறிய படத்திற்குச் சட்டமும் சிறிதே. முதன்முதலாகப் படம் வாங்குபவர் சிறியதைத்தான் துணிந்து வாங்குவார். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நீர்பட்டால் அவ்வளவாக நெளியாது. அதைவிட மெல்லியதானால் நனைத்துப் பலகையில் ஒட்டி இழுத்துக் காயவைத்த பிறகே எழுத வேண்டும். கரையானும் இராமபாணமும் காகிதத்திற்குப் பகைவர் என்பதை நம் வீட்டுப் புத்தக அலமாரிகளே சொல்லும்.

இனிப் பலகைக்கு வருவோம். இதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். ஆகவே சற்று நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் படங்களைப் பார்த்திராதவர் உங்களில் இருக்க முடியாது. பொன்தாளும் கற்களும் மின்னுவதையே பார்க்கிறோம். அதன் அடியில் என்ன இருக்கிறது? பழைய முறையில் பலாப்பலகை. அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய பருத்தித் துணி. துணியின்மேல் சுண்ணக்கல் பொடியும் பசையும் கலந்த பூச்சு; அது காய்ந்தபின் வழவழப்பாகும்வரை தேய்ப்பு. இத்தனைக்கும் பிறகுதான் முதற்கோடு. பலகைமேல் நேராக எழுதாமல் நடுவில் துணியை ஏன் வைத்தார்கள்? மரம் காலப்போக்கில் நார் ஓடிய வழியே மயிரிழைபோல் வெடிக்கும். மேலே துணி இருந்தால் அந்த வெடிப்பு வண்ணத்தை வந்து எட்டாது. பூச்சுக்குப் பிடிமானமும் கிடைக்கும். இன்று பலாப்பலகைக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டுப்பலகையின் மேல் ஏடும் அதே போல் வெடிக்கக் கூடியதே. ஆதலால் துணி ஒட்டும் அந்த வழக்கம் இன்றைக்கும் பொருந்துகிறது. நம் கைவினைஞர்கள் கண்டுபிடித்து வைத்ததை வெளிநாட்டுக் கையேடுகளிற் படித்துவிட்டு நான் வியந்து நின்ற காலமும் உண்டு!

மரவாடியில் ஒட்டுப்பலகையோ ஹார்டுபோர்டோ 8 அடிக்கு 4 அடித் தகடாகக் கிடைக்கும். அதை 16 அங்குலத்திற்கு 12 அங்குலமாக அறுத்தால் ஒரு தகட்டில் 24 துண்டுகள். ரம்பம் தின்னும் தூள் போக ஒவ்வொன்றும் இம்மியளவு குறையும். சட்டத்துக்குள் எளிதாக அமர அந்தக் குறைவும் வேண்டியதுதான். தகடாக வாங்கி அறுப்பதற்கும், ஓவியப் பொருள் கடையில் ஆயத்தப் பலகை ஒவ்வொன்றாக வாங்குவதற்கும் உள்ள விலை வேறுபாட்டை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நால்வர் சேர்ந்து ஒரு தகடு வாங்கினால் ஆளுக்கு ஆறு பலகை.

ஹார்டுபோர்டு பிறந்த கதை சுவையானது. மர ஆலைகளில் வீணாகும் சிராய்களை என்ன செய்வது என்று அமெரிக்காவில் வில்லியம் மேசன் என்பவர் ஆராய்ந்தார். நீராவியின் அழுத்தத்தால் சிராயை நாராக வெடிக்கச் செய்து, அந்த நாரை மீண்டும் அழுத்திப் பலகையாக்கும் முறையை 1924-ஆம் ஆண்டளவில் கண்டார். கழிவாகப் போகவிருந்தது கட்டடப் பொருளாயிற்று. பிறகு ஓவியர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு புறம் வழவழப்பு. மறு புறம் கம்பிவலை அழுந்திய தடம். வழவழப்பான புறத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டு எழுதுவதே நல்லது. வலைத்தடம் கித்தான்போலத் தோன்றும் என்று அதன்மேல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கான அந்தத் தடம் கண்ணுக்கு உறுத்தும் என்பது என் எண்ணம். இரண்டடிக்கு மேற்பட்ட பலகையானால் பின்னால் மரரீப்பர்களை ஒட்டித் தாங்கு கொடுக்க வேண்டும். எம்.டி.எஃப். என்னும் தூள்நார்ப் பலகையும் வழவழப்பானதே. ஆனால் அதன் விளிம்பில் நீர் ஏறினால் ரொட்டிபோல் ஊதிவிடும். விளிம்பை நன்றாக அடைக்கப் பொறுமையில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

விற்பனைக்காக மலிவான பலகையைத் தேர்ந்தவர்களுள் நான் பெரிதும் மதிப்பவர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கறுப்பின ஓவியர் குழுவினர். 1950-களில் அங்கே நிறவேற்றுமை கடுமையாக நிலவியது. கறுப்பின இளைஞர்களுக்கு ஆரஞ்சுத் தோட்டத்திலும் பழம் கட்டும் கொட்டகையிலும் கூலி வேலை. ஓவியக் கூடங்களின் கதவு அவர்களுக்குத் திறக்காது. போர்ட் பியர்ஸ் என்ற ஊரில் பேக்கஸ் என்னும் வெள்ளையர் ஓவியர் ஒருவர் இருந்தார். ஆல்பிரட் ஹேர் என்ற மாணவனை அவனுடைய பள்ளி ஓவிய ஆசிரியை அவரிடம் அழைத்துச் சென்றார். பேக்கஸ் நிற வேற்றுமை பாராட்டாது கற்றுக் கொடுத்தார். கற்ற ஹேர் ஒரு கணக்குப் போட்டான். பேக்கஸ் நிதானமாக ஒரு படம் எழுதிப் பெரிய விலைக்கு விற்கிறார். அந்த விலை தனக்குக் கிடைக்காது. விரைவாகப் பல படங்கள் எழுதிக் குறைந்த விலைக்கு விற்றால்?

கித்தானில் இது நடவாது. வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் அடிக்கும் ‘அப்சன் போர்டு’ என்ற அழுத்திய காகிதப் பலகையை வாங்கினார்கள். அதே கட்டடப் பொருள் கடையிலேயே, சுவரும் கூரையும் சேருமிடத்தில் அடிக்கும் அலங்கார மரச்சட்டத்தையும் வாங்கி, அறுத்து, படத்துக்குச் சட்டமாக்கினார்கள். இதில் நான் காணும் நுட்பம் இதுதான்: தளம், சட்டம் இரண்டும் ஒரே கடையில், ஒரே அளவுக் கணக்கில் முடிந்துவிட்டன. ஹேர் பல பலகைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் வானத்தை முதலில் எழுதுவார், பின் எல்லாவற்றிலும் நீர், பின் மரங்கள். எண்ணெய்வண்ணம் காயுமுன்னரே சட்டம் பூட்டி, காரின் பின்பெட்டியில் அடுக்கிக்கொண்டு சாலையோரங்களிலும், மருத்துவர், வழக்கறிஞர் அலுவலகங்களிலும், தங்கும் விடுதிகளிலும் விற்றார்கள். ஒரு படம் சுமார் 25 டாலர். பனைகளும் சதுப்புநிலமும் செக்கர்வானமும் அந்த ஊர் வீடுகளின் சுவர்களில் ஏறின. ஹேர் 1970-ஆம் ஆண்டில், முப்பது வயதுகூட நிறையாத நிலையில், சுடப்பட்டு மாண்டார். நெடுஞ்சாலை மனிதர்கள் என்று பொருள்படும் ‘ஹைவேமென்’ என்ற பெயரே 1990-களில்தான் அவர்களுக்கு வழங்கலாயிற்று. 2004-ஆம் ஆண்டில் அக்குழுவினர் 26 பேரும் மாநிலத்தின் கலைஞர் பெருமன்றத்தில் இடம் பெற்றனர். அவர்களுள் மேரி ஆன் கரோல் ஒருவரே பெண். 25 டாலருக்கு விற்ற படங்கள் இன்று ஆயிரக்கணக்கில் விலைபோகின்றன.

அந்தப் பலகை காகிதக்கூழ்தானே, அது மட்டும் கெடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஈரம் பட்டால் கெடும். ஆயினும் அவர்கள் எழுதியது எண்ணெய்வண்ணம். விளிம்பைச் சட்டம் மூடியிருந்தது. நான் என் அட்டைக்கு அந்த இரண்டு காவலையும் அளிக்கவில்லை. மலிவான பொருளை எடுத்ததற்காக அன்று, அதைக் காவாமல் விட்டதற்காகவே நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

துணியைப் பற்றிச் சொல்லுமுன் வான் கோ என்ற டச்சு ஓவியரின் நினைவு வருகிறது. தம்பி அனுப்பும் பணத்தில் வாழ்ந்தவர். புதுத் துணி வாங்க இயலாதபோது, எழுதி முடித்த பழைய துணியின் பின்புறத்திலேயே தம் முகத்தை எழுதினார். ஸ்காட்லாந்தின் தேசியக் காட்சியகத்தில் உள்ள குடியானவப் பெண்ணின் படமொன்றை 2022-ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர் கொண்டு பார்த்தபோது, அதன் பின்புறத்தில் ஒட்டிய அட்டைக்கடியில் அவருடைய முகம் ஒளிந்திருந்தது தெரிந்தது! 1888-ஆம் ஆண்டு பிரான்சின் ஆர்ல் நகரில் அவரும் கோகன் என்ற ஓவியரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கோகன் 20 மீட்டர் சணல் துணி வாங்கி வந்தார். நம் அரிசிச் சாக்கைப் போன்ற முரட்டு நெசவு. இருவரும் அதிலே எழுதினார்கள். அந்தச் சணல் வண்ணத்தைக் குடித்தது. மெல்லிய கோடு நிற்கவில்லை. தடித்த பூச்சே நின்றது. சிக்கனத்திற்காக எடுத்த துணி அவர்களுடைய தூரிகையின் போக்கையே மாற்றிவிட்டது. தளத்தை நாம் தேர்ந்தெடுப்பதாக எண்ணுகிறோம். பல வேளைகளில் அது நம்மை நடத்திச் செல்கிறது.

நமக்குச் சணல் வேண்டா. நெருக்கமாக நெய்த, வெளுக்காத காடாத்துணி போதும். வாங்கியவுடன் நனைத்துக் கஞ்சியைப் போக்கி உலர்த்துங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எண்ணெய்வண்ணத்தை வெறுந்துணிமேல் எழுதக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பது நீர் ஆவியாவது போன்றதன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டியாகிறது. அந்த மாற்றம் துணியின் நார்களையும் விடாது; சில ஆண்டுகளில் துணி பொரித்த அப்பளம்போல் நொறுங்கும். ஆதலால் நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு வேண்டும். முன்பு வச்சிரப் பசையைத் தடவினார்கள். அது ஈரக்காற்றில் இளகும்; பூஞ்சணத்துக்கும் நல்ல உணவு. இந்நாளில் கிடைக்கும் அக்ரிலிக் அடிப்பூச்சு நம் ஊர்த் தட்பவெப்பத்திற்கு அதனினும் ஏற்றது. அட்டையில் துணி ஒட்டி விற்கும் ‘கான்வாஸ் போர்டு’களில் மட்டமானவை மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். பயிற்சிக்கு எழுதலாம், விலைக்கு எழுத நான் துணியமாட்டேன். கண்ணாடியின் பின்புறத்தில் எழுதும் தஞ்சைமுறை ஒன்றும் உண்டு. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மலிவான தளத்தைக் கொள்கையாகவே கொண்டவர் வங்கத்து யாமினி ராய். மேனாட்டு முறையில் எண்ணெய்வண்ண உருவப்படம் எழுதிப் பெயர் பெற்றிருந்தவர், அதை விட்டு நாட்டுப்புறப் படங்களின் வழிக்கு வந்தார். கித்தானை விடுத்துத் துணியிலும், மரப்பலகையிலும், பாயிலும் எழுதினார். மண்ணும் சுண்ணாம்பும் விளக்குக்கரியும் அவருக்கு வண்ணங்கள். புளியங்கொட்டைப் பசை அங்கும் உண்டு. சாதாரண மக்களின் வீட்டில் தம் படம் தொங்க வேண்டும் என்பதால் விலையைத் தாழ்வாகவே வைத்தார். 1972-இல் அவர் மறைந்தார். நம் சென்னையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலைகளைச் செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1966-ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. சுவரில் தொங்கவும் உடுத்தவும் உதவும் துணியை விற்று, தம் விருப்பம்போல் படம் எழுத ஒரு மண்ணைத் தேடிக்கொண்டார்கள்.

சென்ற மாதம் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் தோழியருடன் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். தந்தையார் கொடுத்திருக்கும் தொகை சிறிது. என்ன வாங்கலாம் என்று கேட்டாள். நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தோழியரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைத் தகடு ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அளவாக அறுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே அளவானால் சட்டங்களை மொத்தமாகச் செய்விக்கலாம். விற்காத படத்தைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் வேறொன்றை மாட்டலாம். துணிக்காகக் கடைக்குப் போக வேண்டா. தந்தையாரின் பழைய பருத்தி வேட்டி ஒன்றே போதும். பலமுறை துவைத்த வேட்டியில் கஞ்சியும் இராது. இனிச் சுருங்கவும் சுருங்காது. (என் வீட்டில் வேட்டிகள் விரைவில் ‘பழையன’ ஆகிவிடுவதாக ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு.) தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைச் சிறிது நீர் கலந்து பலகையில் தடவி, வேட்டித் துணியைப் பரப்பி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி உள்ளங்கையால் நீவ வேண்டும். காற்றுக் குமிழி ஒன்றும் நிற்கக் கூடாது. மிஞ்சிய துணியை விளிம்பில் மடித்துப் பின்புறம் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாள் காயட்டும். பிறகு சீமைச்சுண்ணாம்புத் தூளும் வெள்ளை வண்ணமும் அதே பசையும் கலந்த பூச்சை, மோர்போல் நீர்த்ததாக, நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முன்னது காய்ந்தபின், குறுக்குத் திசையில். இறுதியில் உப்புத்தாள் தேய்ப்பு. கெட்டியாக ஒரே முறை பூசிவிட ஆசை வரும், பூசினால் வெடிக்கும். சுண்ணப்பூச்சு பலகைக்கு மட்டுமே ஏற்றது. இழுத்துக் கட்டிய துணியில் அது நில்லாது, துணி ஆடும்போதெல்லாம் உடையும்.

“பின்புறத்துக்கும் பூச வேண்டுமா?” என்று அவள் கேட்டாள். என் கதையைச் சொன்னேன். பின்புறத்திற்கு இரண்டு பூச்சு, நான்கு விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு.

பயிற்சிப் படங்களைப் பழுப்புத் தாளிலோ பழைய நாட்காட்டியின் பின்புறத்திலோ எழுதிக்கொள்ளலாம். அதற்கு எந்தத் தடையுமில்லை. ஆனால் அவற்றுள் ஒன்று நன்றாக அமைந்துவிடும். பார்ப்பவர் அதையே விலைக்குக் கேட்பார். அந்த நேரத்தில்தான் நெஞ்சு தடுமாறும். “இது நிலைக்காத தாள், வேண்டுமானால் நல்ல தளத்தில் மீண்டும் எழுதித் தருகிறேன், இதுவே வேண்டுமென்றால் இன்ன விலைக்குத் தருகிறேன், வெயில் படாத இடத்தில் வையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லியும் வாங்கியவர்கள் உண்டு. வாங்காமற் போனவர்களும் உண்டு.

விற்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் உங்கள் பெயர், ஆண்டு, எந்தப் பலகை, எந்தத் துணி, என்ன பூச்சு, என்ன வண்ணம், மேலே வார்னிஷ் உண்டா இல்லையா என்பனவற்றை எழுதுங்கள். பிற்காலத்தில் அதைப் பழுதுபார்ப்பவர் எதைக் கொண்டு துடைக்கலாம், எதைக் கொண்டு துடைக்கலாகாது என்பதை அந்த வரிகளே சொல்லும். பலகையின் பின்புறமானால் பூச்சு உலர்ந்தபின் எழுத வேண்டும். காகிதமானால் மென்மையான பென்சிலால் மட்டும், அழுத்தாமல் எழுதுங்கள். மையினால் எழுதினால் அது ஊறி நாளடைவில் முன்புறம் எட்டிப் பார்க்கும்.